மலையக நீர்த்தேக்கங்களில் துடுப்புப் போட எந்தக் கயாக்? மேலே உட்காருவதா, உள்ளே உட்காருவதா?

காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை, விக்டோரியா என்று நம்மைச் சுற்றி இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது. அதில் பொழுதுபோக்காகத் துடுப்புப் போட ஆசைப்படுகிறவருக்கு முதலில் வரும் கேள்வி, எந்தக் கயாக் (இருமுனைத் துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) வாங்குவது என்பதுதான். நான் விசாரித்தபோது ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒரு கடைக்காரர், "ரெண்டும் ஒண்ணுதான் தம்பி, கலரைப் பார்த்து எடுங்க" என்றார். இரண்டும் ஒன்றல்ல. இணையத்தில் கிடைத்த ஆலோசனைகளோ வெதுவெதுப்பான கடலை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊர்க் குளிர், செங்குத்தான கரை, லொறிக் கூலி எதுவும் அவற்றில் இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன்.

அவசரக்காரர்களுக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குகிறீர்கள், கூட வர அனுபவசாலி யாரும் இல்லை என்றால் மேலே உட்காரும் கயாக்கை, அதாவது சிட்-ஒன்-டொப்பை வாங்குங்கள். மலையில் குளிர், அதனால் உள்ளே உட்கார்ந்து உடம்பை மூடும் சிட்-இன்சைட்தான் நல்லது என்று பலர் சொல்வார்கள். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. நடு நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிரம்பிப்போன சிட்-இன்சைட்டைத் தனியாளாக மீட்பதற்குப் பயிற்சி இல்லாமல் வழி இல்லை.

1. கயாக்குக்கு முன் தண்ணீரைத் தெரிவு செய்யுங்கள்

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மவுசாகலையும் ஏறத்தாழ அதே குளிர்தான். காலை மூட்டம் விலகும்வரை கை விறைக்கும். விக்டோரியாவும் ரந்தெனிகலவும் மிகத் தாழ்வான இடங்கள், அங்கே வெயில்தான் தொல்லை. ரந்தெனிகல கரையோரம் சரணாலயம், யானை நடமாட்டம் உள்ள இடம். புதியவர்கள் அங்கே தனியாக இறங்க வேண்டாம்.

நுவரெலியா கிரகரி வாவியில் ஜெட் ஸ்கீயும் மோட்டார் படகும் மிதிபடகும் சுற்றிக்கொண்டே இருக்கும். அவற்றின் நடுவே தாழ்வாக உட்கார்ந்து போகும் கயாக் கண்ணில் படாது. அந்த வாவிக்காகச் சொந்தக் கயாக் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கித்துல்கல ஆறு வேறு உலகம். மின் நிலையங்கள் விடும் தண்ணீரைப் பொறுத்து அங்கே ஆறு ஏறி இறங்கும். பாறைக்கும் சுழிக்கும் செய்த குட்டைக் கயாக்குகள் அங்கே ஓடுகின்றன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தக் குட்டைக் கயாக் சில நேரம் மலிவாக விலைக்கு வரும். வாங்கிவிடாதீர்கள். சட்டென்று திரும்புவதற்காகச் செய்தது அது. நீர்த்தேக்கத்தில் நேராகப் போகாது, ஒவ்வொரு தடவை துடுப்புப் போடும்போதும் மூக்கை இடமும் வலமும் ஆட்டும்.

நீர்மட்டத்தையும் பாருங்கள். மழை காலத்தில் புல் விளிம்புவரை நிற்கும் தண்ணீர், வரட்சியில் வெகு தூரம் இறங்கிவிடும். மவுசாகலையில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் கட்டடம் வெளியே தெரிவதை நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே நேரத்தில் மரக் கட்டைகளும் கற்களும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். கரை முழுக்கச் சேறு. முழங்கால்வரை புதையும் சேற்றில் நின்றபடி ஏறி இறங்க எந்தக் கயாக் சுலபம் என்று கேட்டால், மேலே உட்காருவதுதான். குறுக்காக உட்கார்ந்து காலைக் கழுவிவிட்டு உள்ளே திருப்பினால் போதும். சிட்-இன்சைட்டில் அந்தச் சேறு முழுவதும் உங்களோடு உள்ளே வரும்.

2. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்

சிட்-ஒன்-டொப் என்பது நாலா பக்கமும் மூடிய, உள்ளே வெறும் காற்றுள்ள பிளாஸ்டிக் கூடு. அதன் முதுகில் உள்ள பள்ளத்தில் உட்காருகிறோம். மேலே விழும் தண்ணீர், அடிவரை போகும் வடிகால் துளைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். அகலம் பெரும்பாலும் 75 முதல் 90 சென்ரிமீற்றர். ஆள் உயரமாக உட்காருவதால் காற்று அதிகம் பிடிக்கும். பின்பக்கம் எப்போதும் ஈரம்.

சிட்-இன்சைட்டில் ஆள் உட்காரும் குழி திறந்திருக்கும், கால்கள் மேல்தட்டுக்கு அடியில் நீண்டிருக்கும். பொழுதுபோக்கு வகைக்கு அகலம் 70 சென்ரிமீற்றரை ஒட்டி வரும். தாழ்வாக உட்காருவதால் காற்றில் நேராகப் போகும், அதே பலத்துக்குக் கொஞ்சம் வேகமாகப் போகும், கால் காய்ந்திருக்கும். குழியை மூட ஸ்பிரே ஸ்கர்ட் என்ற துணியை இடுப்பில் மாட்டினால் தூறலும் உள்ளே வராது. காசல்ரீ போல விரல் விரலாகப் பிரிந்த நீர்த்தேக்கத்தில் தூரம் போக ஆசைப்படுகிறவர்களுக்கு இது உண்மையாகவே சுகமான கயாக். அதை நான் மறுக்கவில்லை.

3. கவிழ்ந்தால் என்ன ஆகும்? இதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்

நம்மில் நீந்தத் தெரியாதவர்கள் நிறைய. அதனால் இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

சிட்-ஒன்-டொப் கவிழ்ந்தால் நீங்கள் தண்ணீரில், அது பக்கத்தில் குப்புறக் கிடக்கும். உள்ளே தண்ணீர் போகாது. அடிப்பக்கத்தின் குறுக்கே எட்டி, அடுத்த விளிம்பையோ கைப்பிடியையோ பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் புரண்டு நிமிர்ந்துவிடும். பிறகு அதன் நடுவில் இரண்டு கையையும் ஊன்றி, கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, முதலில் வயிறு கயாக்கின் மேல் வரவேண்டும். அப்படியே புரண்டு பின்பக்கத்தை இருக்கையில் வைக்க வேண்டும். கால்கள் கடைசி. வயிறு, பின்பக்கம், கால் என்ற இந்த வரிசையை மாற்றிச் செய்தால் மறுபக்கம் விழுவீர்கள். சாதாரண உடல்வாகு உள்ளவர் ஒரு பகல் பயிற்சியில் பிடித்துவிடலாம்.

சிட்-இன்சைட் கவிழ்ந்தால் முதல் வேலை வெளியே வருவது. ஸ்கர்ட் மாட்டாவிட்டால், குழி பெரிதாக இருக்கும் பொழுதுபோக்குக் கயாக்கிலிருந்து உடம்பு தானாகவே நழுவி வந்துவிடும். மாட்டியிருந்தால் தலைகீழாக, தண்ணீருக்கு அடியில், முன்பக்கம் குனிந்து ஸ்கர்ட்டின் வளையத்தைத் தேடி இழுத்துவிட்டு இடுப்பைத் தள்ளி வெளியே வரவேண்டும். சொல்லித்தர ஆள் பக்கத்தில் நிற்காமல் ஸ்கர்ட்டை மாட்டவே மாட்டாதீர்கள். இது என் கண்டிப்பான வார்த்தை.

வெளியே வந்த பிறகுதான் பெரிய சிக்கல். குழிக்குள் 100 லீற்றருக்கு மேல் தண்ணீர் நிற்கலாம். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் மேல் ஏற முயன்றால் மறுபடி உருளும். ஏறி உட்கார்ந்தாலும் கைப்பம்பால் இறைத்து முடியும்வரை அது ஆடிக்கொண்டே இருக்கும். மலிவான சிட்-இன்சைட்டுகள் பலவற்றில் பின்பக்கம் மட்டும் தடுப்புச் சுவர் (குழித் தண்ணீர் அந்தப் பக்கம் பரவாமல் தடுக்கும் சுவர்) உண்டு, முன்பக்கம் இல்லை. சிலவற்றில் இரண்டு பக்கமும் இல்லை. தடுப்பு இல்லாத பக்கத்தில் காற்றுப் பை அடைத்திருக்காவிட்டால் அந்தப் பக்கம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கும். வாங்கும் முன் மூடியைத் திறந்து, கையை விட்டு, முன்னும் பின்னும் தடுப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

இரண்டு பேராகப் போனால் நிலைமை வேறு. கவிழ்ந்த கயாக்கின் மூக்கை மற்றவர் தன் கயாக்கின் மேல் இழுத்து வைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு உங்களை ஏற்றிவிடலாம். ஆகவே, எப்போதும் ஜோடியாகத்தான் போவேன், இந்த மீட்பை இரண்டு பேரும் கரையோரம் பழகிவிட்டோம் என்று சொல்லக்கூடியவருக்கு சிட்-இன்சைட் தாராளமாகப் பொருந்தும்.

எதுவானாலும் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், கயாக்கில் கட்டியிருந்தால் பயனில்லை. உள்ளே அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 50 நியூட்டன் என்றால் அது நீந்தத் தெரிந்தவருக்கான மிதவை உதவி. நீந்தத் தெரியாதவர் 100 நியூட்டன் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். சிறுவர்களுக்கு அவர்களின் எடைக்கு ஏற்ற அளவு வேண்டும். பெரியவர்களுடையதை இறுக்கிக் கட்டிவிட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்று போகும்.

4. குளிருக்கு என்ன செய்வது

பருத்தி வேண்டாம், டெனிம் அறவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். நுவரெலியா பஸாரில் தொங்கும் ஃபிளீஸ் மேலாடை ஒன்று, அதன் மேல் காற்றுப் புகாத மெல்லிய ரெயின் ஜாக்கெட் ஒன்று, கீழே விளையாட்டு உடை போன்ற செயற்கை நூல் காற்சட்டை. மேலே உட்காரும் கயாக்குக்கு இவ்வளவு போதும். மாற்றுடுப்பை நீர்புகாப் பையில் கட்டிக் கொண்டுபோங்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் நாட்களில் எந்தக் கயாக்கிலும் காலையில் இறங்கத் தேவையில்லை.

5. உங்கள் உடம்புக்கு ஏற்ற அளவு

ஒவ்வொரு கயாக்குக்கும் அது தாங்கும் உச்ச எடை குறிப்பிட்டிருக்கும். அந்த எல்லைவரை ஏற்றினால் கயாக் மூச்சு முட்டி மிதக்கும். ஆள், உடுப்பு, பை எல்லாம் சேர்த்து அதில் முக்கால் பங்கைத் தாண்ட விடாதீர்கள். சிட்-ஒன்-டொப்பில் இதை மீறினால் வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலேறி, போகும் தூரமெல்லாம் குளத்தில் உட்கார்ந்துகொண்டுதான் போவீர்கள்.

சிட்-இன்சைட்டில் தொடையும் முழங்காலும் மேல்தட்டை மெல்லத் தொடவேண்டும், கால் பாதம் மிதிகட்டையில் பதிய வேண்டும். தொடை பருத்தவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் கடையிலேயே நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கூச்சப்படத் தேவையில்லை.

நீளம் 3 மீற்றரை ஒட்டி இருந்தால் புதியவருக்குப் போதும். துடுப்பு அகலத்தைப் பொறுத்தது. அகலமான சிட்-ஒன்-டொப்புக்கு 230 முதல் 240 சென்ரிமீற்றர், சிட்-இன்சைட்டுக்கு 220 முதல் 230. இலவசமாகத் தருகிறோம் என்று கடையில் கொடுக்கும் குட்டைத் துடுப்பில் கை விரல் கயாக்கின் விளிம்பில் இடித்துக்கொண்டே இருக்கும்.

6. தூக்குவது, ஏற்றுவது, வைப்பது

ஒற்றை ஆள் சிட்-ஒன்-டொப் 20 முதல் 30 கிலோவரை வரும். 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கியவருக்கு எடை புரியும். ஆனால் இது 3 மீற்றர் நீள மூட்டை, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் முன்னும் பின்னும் இடிக்கும். பொழுதுபோக்கு சிட்-இன்சைட் இரண்டு மூன்று கிலோ குறைவாக இருக்கும், குழியின் விளிம்பைத் தோளில் மாட்டிக்கொள்ளவும் முடியும். தூக்குவதில் அதுதான் சுலபம். இரண்டுக்குமே, ரோட்டிலிருந்து தண்ணீர்வரை ஒரு தடவை வெறுங்கையோடு நடந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மழை நாளில் அட்டைக் கடியோடு அதே பாதையில் ஏறவேண்டும் என்பதையும் நினையுங்கள்.

வைக்க இடம் பெரிய கேள்வி. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறையில் பத்தடி நீளக் கயாக்கை வைத்தால் மனிதர்கள் வெளியேதான் படுக்கவேண்டும். இஸ்தோப்பு ஓரத்தில், கூரைக்கு அடியில், இரண்டு அகலமான பட்டிகளில் தொங்கவிடலாம். மழையில் நனைவது பிரச்சினை இல்லை. வெயில்தான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தறப்பாள் போட்டு மூடுங்கள். சிட்-இன்சைட்டைக் குழி கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் நிற்கும், நுளம்பு பெருகும், பாம்பும் படுக்கும்.

இடமும் வாகனமும் இரண்டுமே இல்லாதவர்கள் காற்றடைக்கும் கயாக்கைப் பற்றி யோசிக்கலாம். பையில் மடித்து பஸ்ஸில் கொண்டுபோகலாம். மரக்கட்டை நிற்கும் தண்ணீரில் மட்டும் வேண்டாம், காற்றில் தள்ளிக்கொண்டும் போகும்.

வாகனக் கூரையில் கட்டும்போது கவிழ்த்துக் கட்டுங்கள். அகலப் பட்டி போதும். இறுக்கிப் பூட்டும் ரச்செட் பட்டியை முறுக்கினால், கினிகத்தேனை வளைவுகள் தாண்டி வருவதற்குள் வெயிலில் இளகிய பிளாஸ்டிக் பள்ளம் விழுந்துவிடும். முன்னும் பின்னும் கயிறு தனியாகக் கட்டுங்கள், பின்னால் நீண்டால் சிவப்புத் துணி கட்டுங்கள். ஓட்டோக் கூரையில் ஏற்றுவது வேண்டவே வேண்டாம்.

7. செலவை எப்படிக் கணக்குப் போடுவது

விலைச் சீட்டில் உள்ள தொகை பாதிக் கதைதான். கயாக், துடுப்பு, லைஃப் ஜாக்கெட், நீர்புகாப் பை, பட்டிகள், லொறிக் கூலி ஆகியவை இரண்டுக்கும் பொது. சிட்-இன்சைட் என்றால் கைப்பம்ப், காற்றுப் பைகள், பிறகு ஸ்கர்ட் என்று இன்னும் மூன்று பொருட்கள் சேரும். கடையில் சிட்-இன்சைட் மலிவாகத் தெரிந்தால், இவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். கையிலுள்ள பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது கயாக் தவிர்ந்த பொருட்களுக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்துக்கு எது வருமோ அதைப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கொழும்பிலிருந்து ஒற்றைக் கயாக்குக்கென்று வண்டி பிடித்தால் கூலி கடிக்கும். ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ சாமான் ஏற்றிவரும் லொறிக்காரரிடமோ, மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறிக்காரரிடமோ பேசுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நினைப்பவர்கள், சுங்கத் தலைப்பு 8903-இன் கீழ் என்னென்ன வரி என்று முன்கூட்டியே ஒரு சுங்க முகவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மற்ற வரிகளைக் கூட்டிய பெறுமதியின் மேல்தான் 18% பெறுமதி சேர் வரி ஏறும். விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் பற்றுச்சீட்டு, அடையாள அட்டை, வரி செலுத்துநர் அடையாள இலக்கம் எல்லாம் ஒரே பெயரில், ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கவேண்டும். நம் பெயர்கள் அடையாள அட்டையில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் இருப்பது சாதாரணம். கப்பல் வந்த பிறகு அதைத் திருத்த ஓடினால் களஞ்சியக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறும். கயாக் இடத்தை அடைக்கும் பொருள் என்பதால் கப்பல் கூலியும் அதிகம். ஒன்றிரண்டுக்கு இது கட்டாது என்பது என் கருத்து.

8. பாவித்த கயாக் வாங்கும்போது

கடலோர ஹோட்டல்கள் பாவித்துத் தள்ளும் சிட்-ஒன்-டொப் நல்ல விலைக்குக் கிடைக்கும். நிறம் வெளுத்திருப்பதைவிடக் கவனிக்க வேண்டியது வடிகால் துளைகள். மேல்தட்டும் அடித்தட்டும் சேரும் இடம் அதுதான், கல்லில் இழுத்தால் முதலில் அங்கேதான் வெடிக்கும். போன் டோர்ச்சைத் துளைக்குள் அடித்து, விரலை விட்டுச் சுற்றித் தடவுங்கள். நகம் சிக்கினால் அது வெடிப்பு. பிறகு கூட்டுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் வடிகால் ஆணியைக் கழற்றி, ஒரு முனையைத் தூக்கிக் குலுக்கிக் காதுகொடுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. கடைசியில் அரை மணி நேரம் தண்ணீரில் ஆளோடு மிதக்கவிட்டு மறுபடி ஆணியைக் கழற்றிப் பாருங்கள். நேற்றுத்தான் கழுவினோம் என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையை விட்டுக்கொடுக்க வேண்டாம். வெடிப்பைப் பசை போட்டு ஒட்டமுடியாது. இந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, உருக்கித்தான் இணைக்க வேண்டும்.

சிட்-இன்சைட்டில் குழியின் விளிம்பு, மிதிகட்டை நகரும் தண்டவாளம், தடுப்புச் சுவரின் ஓரம் மூன்றையும் பாருங்கள். தடுப்புக்குப் பின்னால் உள்ள அறையில் தண்ணீர் ஊற்றி, குழிக்குள் கசிகிறதா என்று பார்த்தால் போதும்.

விற்பவரிடம் பெயர், அடையாள அட்டை இலக்கம், தொகை, திகதி எழுதிய பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். வழியில் பொலிஸ் நிறுத்தினால் காட்ட அது உதவும்.

9. அனுமதி

விக்டோரியா, ரந்தெனிகல, கொத்மலை மகாவலி அதிகார சபையின் பொறுப்பு. காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை மின் உற்பத்தித் தரப்பின் பக்கம். பணம் கட்டும் முன்பே, அந்தந்த அணைக்கட்டு அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். என்ன கயாக், எத்தனை பேர், எந்தக் கரையில் இறங்குவது, எந்த நாட்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதி, அடையாள அட்டைப் பிரதியை இணைத்து, உங்கள் கையில் வைக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். வாயால் சொல்லும் "சரி" அடுத்த வாரம் வேறு அதிகாரி இருக்கும்போது செல்லாது. ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பப்பட்டு அலைந்த எனக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்த முத்திரை போட்ட பிரதிதான்.

கரைக்குப் போகும் பாதை பெரும்பாலும் தோட்டத்துக்குள் போகும். தோட்ட நிர்வாகத்திடம் தனியாகக் கேளுங்கள், வாட்சருக்கும் சொல்லிவையுங்கள். கடிதங்களைப் பெற சில வாரங்கள் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள்.

அனுமதி இருந்தாலும் அணைக்கட்டின் பக்கமும் வான்கதவுகளின் பக்கமும் போகக்கூடாது. அணைக்குக் கீழே உள்ள ஆற்றிலும் இறங்கக்கூடாது. மழையில் வான்கதவு திறந்தால் ஆற்று மட்டம் திடீரென்று ஏறும்.

10. எந்த மாதம், எந்த நேரம்

மேற்கு மலைக்கு, அதாவது ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கத்துக்கு, ஜனவரி முதல் மார்ச்வரை நல்ல காலம். சிவனொளிபாதமலை சீசன் வாரக் கடைசிகளில் ரோடு நெரியும், லொறியை வார நாளில் பிடியுங்கள். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழையும் காற்றும். அப்போது உயரமாக உட்காரும் சிட்-ஒன்-டொப்பைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போகும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடியவும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி மின்னல் வரும். இடி முழக்கம் காதில் விழுந்த உடனே கரைக்கு வந்துவிடுங்கள், அடுத்த முழக்கத்துக்குக் காத்திருக்காதீர்கள்.

காலையில் மூட்டம் விலகி அக்கரை தெரிந்த பிறகு இறங்கி, மதியத்துக்குள் ஏறிவிடுவது நல்ல கணக்கு. போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். முதல் சில நாட்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள்ளேயே சுற்றுங்கள்.

எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனை நீர்புகாப் பையில் போட்டு லைஃப் ஜாக்கெட்டோடு கட்டுங்கள். கயாக்கில் கட்டினால் கயாக் போகும் பக்கம் போனும் போய்விடும். அதில் 119 பொலிஸ், 1990 அம்பியூலன்ஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் மூன்றையும் முன்பே பதிந்து வையுங்கள். மலை மறைப்பில் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு, ஒரு விசிலையும் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளுங்கள்.